தள்ளுவண்டி எங்கே நிற்கலாம், எப்படி இருக்க வேண்டும்? சபையின் விதி எழுத்தில் வேண்டும்

(நகரங்களில் தள்ளுவண்டி வியாபாரமும் நடைபாதை வியாபாரமும் செய்யும் அங்கத்தவர் குடும்பங்களுக்காக நடத்தப்பட்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சங்கம் என்றால் சம்பளத்தைப் பேச வேண்டும், கொழுந்து நிறையைப் பேச வேண்டும், ஈ.பி.எப்., ஈ.டி.எப். பேச வேண்டும். தள்ளுவண்டியைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் நம்முடைய வீட்டிலேயே இருக்கிறது. அம்மா கொழுந்தெடுக்கப் போகிறார். அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், லயத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னத் துண்டில் லீக்ஸ், கரட், கீரை போடுகிறார். மகன் அதை டவுனுக்குக் கொண்டுபோய் விற்கிறான். மருமகள் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் வடையும் அவித்த சோளனும் விற்கிறார். வேலை நாள் குறையும் மாதத்தில் அடுப்பெரிவது அந்த வண்டியால்தான். தோட்டத்தில் பேர் பதிந்த ஒருவரின் சம்பளத்தோடு, பேர் பதியாத மூவரின் உழைப்பும் சேர்ந்துதான் ஒரு குடும்பம் நடக்கிறது. அந்த மூவரையும் சங்கம் பார்க்காமல் இருக்க முடியாது.

ஒரு நாள் காலையில் சபையிலிருந்து வந்து "இங்கே நிற்கக் கூடாது, எடு" என்று சொன்னால் அந்தக் குடும்பத்தின் வருமானம் அன்றோடு நிற்கிறது. தோட்டத்தில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவதற்குக் கடிதம் வேண்டும், விசாரணை வேண்டும், தொழில் திணைக்களம் இருக்கிறது. வண்டிக்காரரை நிறுத்துவதற்கு ஒரு வாய்ச் சொல் போதும் என்ற நிலைமையே பல இடங்களில் இருக்கிறது. இதை மாற்ற வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் சாரம். தயவில் நிற்கும் வண்டியை விதியில் நிற்கும் வண்டியாக ஆக்க வேண்டும்.

வீதி யாருடையது?

முதலில் ஒரு விடயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். வண்டி நிற்கும் இடத்தின் மேல் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இல்லை.

நாடு முழுவதும் ஏ, பி என்று எழுத்துப் போட்ட வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வருகின்றன. அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் ஏ-7 வீதியும், பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவ, நுவரெலியா வழியாகப் பதுளை போகும் ஏ-5 வீதியும் அப்படிப்பட்டவை. டவுனுக்குள்ளே போனாலும் அவை தேசிய வீதிகள்தான். 2008 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். அடுத்த நிலை வீதிகள் மாகாணத்தைச் சேர்ந்தவை. டவுனுக்குள் பிரியும் சிறிய வீதிகள், ஒழுங்கைகள், சந்தை, பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள சபைக் காணி ஆகியவை நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ மாநகர சபைக்கோ உரியவை. போக்குவரத்துக்குத் தடை ஏற்பட்டால் பொலிஸார் வருவார்கள். சாப்பாட்டுச் சாமான் விற்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார்.

ஆகவே "சபையில் கேட்டேன், சரி என்றார்கள்" என்ற ஒரு வார்த்தையை நம்பி ஏ-7 வீதியின் ஓரத்தில் வண்டியை நிறுத்தினால், நாளைக்கு வேறொரு அதிகாரி வந்து அகற்றும்போது சபையால் பேச முடியாது. வண்டி நிற்கும் இடம் எந்த வீதி, யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதை முதலில் கேட்டு அறிந்து கொள்ளுங்கள். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்லுவார். தேசிய வீதியாக இருந்தால் சபையின் அனுமதியோடு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சம்மதமும் எழுத்தில் தேவை.

உபவிதி என்றால் என்ன?

பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நடக்கின்றன. நகர சபைகளுக்கும் மாநகர சபைகளுக்கும் தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள் உள்ளன. இந்தச் சட்டங்கள் சபைகளுக்குத் தங்கள் எல்லைக்குள் உபவிதி செய்யும் அதிகாரத்தைக் கொடுக்கின்றன. நடமாடும் வியாபாரம், சந்தை, உணவு விற்பனை, கழிவு அகற்றல் ஆகியவை பற்றி உபவிதி செய்யலாம்.

உபவிதி வானத்திலிருந்து விழுவதில்லை. சபையில் தீர்மானம் நிறைவேற வேண்டும். மாகாணத்தில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பானவரின் அங்கீகாரம் கிடைக்க வேண்டும். வர்த்தமானியில் வெளிவர வேண்டும். அதன் பிறகுதான் அது சட்டம். ஒவ்வொரு சபையும் புதிதாக எழுத வேண்டும் என்பதும் இல்லை. 1952 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாதிரி உபவிதிகளைத் தயாரித்து, சபைகள் தீர்மானத்தின் மூலம் அவற்றை ஏற்றுக் கொள்ளலாம்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இரண்டு. ஒன்று, ஒரு அதிகாரி நேரில் வந்து சொல்லும் கட்டளை எந்த உபவிதியின் கீழ் வருகிறது என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இரண்டு, உபவிதி இல்லாத ஊரில் வண்டிக்குப் பாதுகாப்பு உண்டு என்று நினைக்கக் கூடாது. வீதியில் தடை ஏற்படுத்துவதைத் தடுக்க வேறு சட்டங்கள் இருக்கின்றன. விதியே இல்லாத இடத்தில் தடுக்கும் சட்டம் மட்டும் இருக்கும், அனுமதிக்கும் சட்டம் இருக்காது. அதனால்தான் விதி வேண்டும் என்று நாம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கே நிறுத்தலாம்?

இனி இடத்தைப் பார்ப்போம். சபைகள் இடம் குறிக்கும்போது பார்க்கும் விடயங்கள் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். பாதசாரிக் கடவைக்குப் பக்கத்தில் கூடாது. சந்தி திரும்பும் முனையில் கூடாது, வாகனம் வருவது தெரியாமல் போகும். பஸ் நிற்கும் இடத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் பாதையை மறிக்கக் கூடாது. ஆஸ்பத்திரி வாசல், பாடசாலை வாசல், தீயணைக்கும் வண்டி போகும் வழி, கடையின் நுழைவாயில் ஆகியவற்றை அடைக்கக் கூடாது. கானுக்கு மேல் பலகை போட்டு நிற்கக் கூடாது. மழை பெய்தால் கான் அடைபட்டு டவுனே வெள்ளமாகும்.

இவை எல்லாம் நமக்கு எதிரான விதிகள் என்று நினைக்க வேண்டாம். நடைபாதையில் இடமில்லாமல் பாடசாலைப் பிள்ளைகள் ரோட்டில் இறங்கி நடக்கிறார்கள். அந்த ரோட்டில்தான் லொறியும் பஸ்ஸும் வருகின்றன. அந்தப் பிள்ளைகளும் நம் தோட்டத்துப் பிள்ளைகள்தான். கிளினிக் போகும் கர்ப்பிணித் தாய், கைத்தடியோடு ஓய்வூதியம் எடுக்கப் போகும் தாத்தா, எல்லோரும் நம்மவர்கள். வண்டிக்கு இடம் கேட்கும் சங்கம் நடப்பவருக்கும் இடம் கேட்க வேண்டும். அப்போதுதான் சபையில் நம் பேச்சு எடுபடும்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போய் ஒரு டேப் எடுத்து அளந்து பாருங்கள். ஒரு சக்கர நாற்காலியும் எதிரே வரும் ஒருவரும் விலகிப் போக ஐந்து அடி வழி வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் விலக ஆறு அடி வேண்டும். உங்கள் டவுனில் நடைபாதை எட்டு அடி என்று வைத்துக் கொள்வோம். வண்டியின் அகலம் மூன்று அடி. மிச்சம் ஐந்து அடி, கணக்குச் சரி என்று தோன்றும். ஆனால் வாங்க வருபவர் எங்கே நிற்பார்? வண்டிக்கு முன்னால் நிற்பார். அவருக்கு இரண்டு அடி போனால் நடப்பவருக்கு மிச்சம் மூன்று அடிதான். சபை ஆட்கள் வண்டியை மட்டும் அளப்பார்கள், பொலிஸார் கூட்டத்தைப் பார்ப்பார்கள். இருவருக்கும் கணக்கு வேறு. வியாபாரி இடையில் மாட்டிக் கொள்வார்.

இதற்கு வழி இருக்கிறது. வண்டியை வீதியோரக் கல்லோடு ஒட்டி நீளவாக்கில் நிறுத்தி, விற்கும் பக்கத்தை வண்டியின் நுனியில் வைத்துக் கொண்டால், வாங்குபவரும் வண்டி நிற்கும் அதே மூன்று அடிப் பட்டையிலேயே நிற்பார். நடப்பவருக்கு ஐந்து அடி அப்படியே இருக்கும். அடுத்த வண்டி நெருக்கி நிற்காமல் நான்கைந்து அடி தள்ளி நிற்க வேண்டும், அவ்வளவுதான். வண்டி எப்படித் திரும்பி நிற்கிறது என்பதே ஒரு விதியாக எழுதப்படலாம். செலவில்லாத விதி அது.

நடைபாதையே நான்கு அடிதான் என்றால் அங்கே வண்டிக்கு இடமில்லை. அதை நாமும் ஒத்துக் கொள்ள வேண்டும். நம் மலையக டவுன்கள் ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமாக, ஒரே ரோட்டை நம்பிக் கட்டப்பட்டவை. அப்படிப்பட்ட டவுனில் வேறு இடம் காட்டும்படி கேட்க வேண்டும். சந்தைக்குப் போகும் ஒழுங்கை, பஸ் நிலையத்தின் ஓரம், சபைக்குச் சொந்தமான வெறுங்காணி, மாலையில் வாகனம் குறையும் பக்கவீதி என்று எங்கோ ஒரு இடம் இருக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த இடத்தில் ஆள் நடமாட்டம் இருக்க வேண்டும். டவுனுக்கு வெளியே அரை மைல் தள்ளி, யாரும் வராத இடத்தில் வரிசையாகக் கூடாரம் போட்டுக் கொடுத்துவிட்டு "இடம் தந்துவிட்டோம்" என்று சொன்னால் அது இடம் தந்ததாகாது. பஸ்ஸிலிருந்து இறங்கி தோட்டத்து வேனுக்கு நடக்கும் வழியில்தான் நம் வியாபாரம் இருக்கிறது. அந்த வழியை விட்டு விலகினால் சரக்கு அழுகும்.

காலத்தையும் மறக்க வேண்டாம். சிவனொளிபாத மலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நடக்கிறது. ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலம். அந்த மாதங்களில் மட்டும் வியாபாரம் செய்யும் குடும்பங்கள் மஸ்கெலியா, நல்லதண்ணி, நுவரெலியாப் பக்கங்களில் நிறைய. அவர்களுக்கு வருட அனுமதிப்பத்திரம் பொருந்தாது. பருவ கால அனுமதி என்று தனியாக ஒன்று விதியில் இருக்க வேண்டும். வெளியூர் முதலாளிகள் பணம் கட்டி எல்லா இடத்தையும் பிடித்துக் கொள்ளாமல், அந்தப் பிரதேசத்தில் வசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கும்படியும் கேட்கலாம்.

வண்டி எப்படி இருக்க வேண்டும்?

அடுத்தது வண்டி. சமவெளியில் ஓடும் வண்டியை அப்படியே பார்த்துச் செய்து மலையில் நிறுத்த முடியாது.

முதல் விடயம் பிரேக். நம் டவுன்களில் சமதரை குறைவு. கல்லை அடை கொடுத்து நிறுத்தும் வண்டி, குழந்தை ஒன்று அந்தக் கல்லைத் தட்டிவிட்டால் சரிவில் ஓடும். அதிலும் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. குறைந்தது இரண்டு சில்லுக்குப் பூட்டு வேண்டும். அதோடு மரக்கட்டை அடையும் வேண்டும். செய்யும்போதே வெல்டிங் கடையில் சொல்லிப் போட்டுக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, அகலமும் உயரமும். மூன்று அடிக்கு மேல் அகலம் போனால் பெரும்பாலான நடைபாதைகளில் தொல்லை. கூரையின் விளிம்பு நடப்பவரின் தலையிலோ கண்ணிலோ படாத உயரத்தில் இருக்க வேண்டும். தறப்பாளைக் கயிறு கட்டி மின்கம்பத்தில் இழுப்பதை நிறுத்த வேண்டும். கயிறு கழுத்தில் மாட்டும், மின்கம்பமும் ஆபத்து. கூரை வண்டியோடு சேர்ந்தே இருக்கட்டும். மழைத் தண்ணீர் நடப்பவர் பக்கம் ஊற்றாமல் வீதிப் பக்கம் விழும்படி சரிவு கொடுங்கள்.

மூன்றாவது, அடுப்பு. காஸ் சிலிண்டர் வண்டியின் கீழ்த்தட்டில், நிமிர்ந்து, பட்டி போட்டு இறுக்கிய நிலையில் இருக்க வேண்டும். குழாய் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். அடுப்பு வாங்குபவர் நிற்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒரு வாளி மணலோ சிறிய தீயணைப்புக் கருவியோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை வண்டியில் நிற்கும் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

நான்காவது, சுத்தம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் பெரிய ஹோட்டலுக்கும் நம் வடை வண்டிக்கும் ஒன்றுதான். சமைத்த உணவுக்குக் கண்ணாடி மூடியோ வலை மூடியோ வேண்டும். குழாய் வைத்த தண்ணீர்க் கேனும், கழுவிய தண்ணீர் விழ ஒரு வாளியும் வேண்டும். கழுவிய தண்ணீரைக் கானில் ஊற்றக் கூடாது. காசு வாங்கும் கையும் வடை எடுக்கும் கையும் ஒன்றாக இருந்தால் இடுக்கி பாவியுங்கள். 2023 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவை நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கின்றன. வாழையிலைத் துண்டும் கடதாசியும் போதும்.

ஐந்தாவது, குப்பை. வண்டியோடு தொங்கும் இரண்டு பை. ஒன்றில் மரக்கறித் தோல், சோளன் மட்டை. மற்றதில் பொலித்தீன். சாயங்காலம் வண்டி போன பிறகு அந்த இடத்தில் ஒரு தோல்கூடக் கிடக்கக் கூடாது. வண்டிக்கெதிராகச் சபையில் பேசுபவர் முதலில் காட்டுவது குப்பையைத்தான். அந்தப் பேச்சை நாமே இல்லாமல் செய்துவிடலாம்.

ஆறாவது, வெளிச்சம். பனிமூட்டம் நாலு மணிக்கே இறங்கும் ஊர் நம்முடையது. வண்டியின் நான்கு மூலையிலும் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டுங்கள். செலவு மிகக் குறைவு.

நிறுத்துப் பொருள் விற்பவர்கள் தராசையும் படிக்கற்களையும் உரிய காலத்தில் முத்திரை குத்தி வைத்துக் கொள்ள வேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசில் கிலோவைக் குறைக்கிறார்கள் என்று போராடுகிற நாம், மற்றவரின் மரக்கறியில் கிராமைக் குறைக்கக் கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அழகான டவுன், சுற்றுலா நகரம் என்ற பெயரில் "எல்லா வண்டியும் ஒரே நிறம், ஒரே மாதிரி, குறிப்பிட்ட ஒருவரிடம்தான் வாங்க வேண்டும்" என்று விதி வரலாம். துருப்பிடிக்காத உருக்கில் செய்த வண்டி நல்லதுதான். அதற்குக் கடன் வாங்கி வட்டி கட்டுவது யார்? விதி என்ன தேவை என்பதைச் சொல்லட்டும்: அகலம், பிரேக், மூடி, தண்ணீர், குப்பைப் பை. யாரிடம் வாங்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்மூர் தச்சரும் வெல்டிங் கடைக்காரரும் அந்த அளவுக்குள் செய்து கொடுப்பார்கள். பழைய வண்டியைத் திருத்துவதற்குக் குறைந்தது சில மாத அவகாசமும் கேட்க வேண்டும்.

கட்டணம், பற்றுச்சீட்டு, பெயர்

கடைக்காரர்கள் சொல்வதையும் கேட்போம். "நாங்கள் வாடகை கட்டுகிறோம், வரி கட்டுகிறோம், எங்கள் வாசலில் வந்து வண்டி போடுகிறார்கள்" என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நாமும் சபைக்குக் கட்டணம் கட்டத் தயார் என்று சொல்ல வேண்டும். ஆனால் கட்டணம் எவ்வளவு என்பது சபையின் அறிவித்தல் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் சபையின் பற்றுச்சீட்டு வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் கேட்கப்படும் காசைக் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டுகளை ஒரு டின்னில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். இத்தனை வருடமாக இந்த இடத்தில் வியாபாரம் செய்கிறேன் என்பதற்கு நம்மிடம் இருக்கும் சாட்சி அதுதான்.

அனுமதிப்பத்திரம் யார் வண்டியில் நிற்கிறாரோ அவர் பெயரில் இருக்கட்டும். மனைவி விற்க, கணவன் பெயரில் பத்திரம் எடுப்பது வேண்டாம். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் அந்த அம்மா வெறுங்கையோடு நிற்பார். ஒருவர் பல பத்திரங்களை எடுத்து மற்றவருக்கு நாள் வாடகைக்கு விடுவதையும் விதி தடுக்க வேண்டும்.

அகற்ற வந்தால்?

சபை ஆட்களோ பொலிஸாரோ அகற்ற வந்தால் வாய்த்தர்க்கம் வேண்டாம், கை நீட்டவே வேண்டாம். அனுமதிப்பத்திரத்தையும் பற்றுச்சீட்டையும் காட்டுங்கள். எந்த உத்தரவின்படி என்று கேட்டு, வந்தவரின் பெயரையும் பதவியையும் நேரத்தையும் எழுதிக் கொள்ளுங்கள். பொருட்களை எடுத்துச் சென்றால், என்னென்ன எத்தனை கிலோ என்று பட்டியல் எழுதிக் கையொப்பம் கேளுங்கள். தர மறுத்தால் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கே தோட்டத் தலைவருக்கும் மாவட்டக் காரியாலயத்துக்கும் சொல்லுங்கள். நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தால், கேட்காமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டிவிட்டு வராதீர்கள். முதலில் சங்கத்தின் ஆலோசனையைக் கேளுங்கள்.

நாம் கேட்பது என்ன?

நம் பக்கத்து நாடான இந்தியா 2014 இல் தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் செய்தது. அதன்படி ஒவ்வொரு நகரத்திலும் வியாபாரக் குழு இருக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40க்குக் குறையாதோர் வியாபாரிகளாலேயே தெரிவு செய்யப்பட்ட வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அகற்றக் கூடாது. அகற்றுவதென்றால் 30 நாள் அறிவித்தல் கொடுக்க வேண்டும். அங்கேயும் சட்டம் எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கவில்லை. ஆனால் எழுத்தில் இருப்பதால் வியாபாரிகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வாதாட முடிகிறது. சர்வதேச தொழில் ஸ்தாபனமும் 2015 இல் நிறைவேற்றிய 204 ஆம் இலக்கச் சிபாரிசில் முறைசாராத் தொழிலாளர்களின் பிழைப்பைக் காப்பாற்றிக் கொண்டே அவர்களை முறைப்படுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

அதைப் பார்த்து நம் சபைகளிடம் நாம் ஐந்து விடயங்களைக் கேட்போம்.

ஒன்று, டவுனில் வண்டி நிற்கக்கூடிய இடங்களை அளந்து, கோடு போட்டு, இலக்கம் கொடுத்துப் பட்டியல் வெளியிட வேண்டும்.

இரண்டு, இப்போது வியாபாரம் செய்பவர்களைக் கணக்கெடுத்து அவர்களுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும்.

மூன்று, வண்டியின் அளவும் தேவைகளும் நம்மால் செய்யக்கூடியவையாக இருக்க வேண்டும்.

நான்கு, அகற்றுவதற்கு முன் எழுத்து மூல அறிவித்தலும், ஆள் நடமாட்டமுள்ள மாற்றிடமும் வேண்டும்.

ஐந்து, இடம் குறிக்கும் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அதில் பெண்களும் இருக்க வேண்டும்.

கிளைகள் செய்ய வேண்டியவை

கேட்டுவிட்டுக் காத்திருந்தால் நடக்காது. ஒவ்வொரு கிளையும் இந்த மாதத்திலேயே மூன்று வேலைகளைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை கணக்கு. உங்கள் தோட்டத்திலிருந்து டவுனில் வியாபாரம் செய்பவர் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள், என்ன விற்கிறார்கள், எத்தனை வருடம் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். நடைபாதையை அளந்து ஒரு படமும் வரையுங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து தருவார்கள்.

இரண்டாவது வேலை தகவல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் போடுங்கள். நடமாடும் வியாபாரம் பற்றி சபையில் என்ன உபவிதி இருக்கிறது, எந்த வர்த்தமானியில் வந்தது, கட்டணம் எவ்வளவு, எத்தனை பேருக்கு அனுமதி கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். தமிழில் எழுதுங்கள். தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

மூன்றாவது வேலை சபை. ஒரு காலத்தில் தோட்டம் என்றால் உள்ளூராட்சிக்கு வெளியே என்ற நிலை இருந்தது. பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் வேலை செய்ய முடியாது என்று கைவிரித்தார்கள். 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டுத் தேர்தலோடு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய பிரதேச சபைகளும் வந்தன. 2025 மே 6 ஆம் திகதி நாம் மறுபடியும் வாக்களித்து உறுப்பினர்களை அனுப்பியிருக்கிறோம். எந்தக் கட்சியின் உறுப்பினராக இருந்தாலும் சரி, அவர் நம் வாக்கில் போனவர். நம் கணக்கையும் படத்தையும் ஐந்து கோரிக்கைகளையும் அவர் கையில் கொடுத்து, சபையில் பிரேரணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். வருட இறுதியில் சபையின் வரவு செலவுத் திட்டம் நிறைவேறும். கோடு போடுவதற்கும், தண்ணீர்க் குழாய் ஒன்று வைப்பதற்கும், மின்விளக்குப் போடுவதற்கும் அதில் பணம் ஒதுக்கப்பட வேண்டும் என்றால் நம் கடிதம் அதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே, பெரட்டுக் களத்தில் நம் பெயர் கூப்பிடப்பட வேண்டும் என்பதற்காக நம் முன்னோர்கள் சங்கம் கட்டினார்கள். டவுனில் நிற்கும் நம் பிள்ளையின் பெயரும் ஒரு சபையின் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். அந்தப் பெயருக்கு நேரே ஒரு இலக்கம், ஒரு இடம், ஒரு பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். கொப்பியையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமையே வேலையைத் தொடங்குங்கள். எழுதிய கணக்குகளை மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த கடிதத்தை நாம் சேர்ந்து எழுதுவோம்.